ரிவால்வர் சுடாமல் நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

ரிவால்வர் அடிக்கடி மக்கர் செய்வதில்லை. ஆனால் ஒருமுறை செய்தால் எளிதில் வழிக்கு வராது. பிஸ்டலில் தோட்டா சிக்கினால் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு ஓரிரு நொடியில் தொடரலாம். ரிவால்வரில் எல்லாத் தடங்கலுக்கும் பொதுவான அப்படி ஒரு வழி கிடையாது. சிலவற்றுக்கு டிரிக்கரை இன்னொரு முறை அழுத்தினால் போதும். வேறு சிலவற்றுக்கு மேசை, வெளிச்சம், பிரஷ் எல்லாம் வேண்டும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமே போக வேண்டியும் வரலாம். தற்காப்புக்கு ரிவால்வர் வைத்திருப்பவர் இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய வேண்டும். இரண்டாவது வகைக்கு ஆபத்து நேரத்தில் தீர்வே இல்லை. தோட்டாவைச் சோதித்தும் துப்பாக்கியைச் சுத்தமாக வைத்தும் முன்கூட்டியே தடுத்திருக்க வேண்டும்.

இங்கே சொல்வது, டிரிக்கரை இழுப்பதே ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) எழுப்பி விழச் செய்யும், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களைப் பற்றியது. மேசையில் செய்யும் எந்தச் சோதனைக்கும் முதலில் சிலிண்டரைத் திறந்து காலி செய்யுங்கள். ஒவ்வொரு அறையையும் (சிலிண்டரில் தோட்டா அமரும் துளை) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். எண்ணிக்கை சரிதானா என்று தோட்டாக்களை எண்ணி வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். சிலிண்டரில் ஒரு தோட்டா எஞ்சியிருந்தாலும் அது சோதனை அல்ல, விபத்துக்கான ஏற்பாடு.

ஆபத்து நேரத்தில் செய்யக்கூடியவை

வரிசை இதுதான். "டிக்" என்று கேட்டு வெடிக்கவில்லையா, டிரிக்கரை முழுவதுமாக விட்டு மறுபடி அழுத்துங்கள். டிரிக்கர் நகரவே இல்லையா, அப்போதும் அதேதான்: முழுவதுமாக விடுங்கள், இன்னும் அழுத்தமாக இழுங்கள். இரண்டாவது முயற்சியும் பலிக்கவில்லை என்றால் சிலிண்டரைத் திறந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, புதிதாக நிரப்புங்கள். சிலிண்டரே திறக்கவில்லை என்றால் அந்த ரிவால்வர் அந்த நிமிடத்துக்கு ஆயுதமில்லை. மறைவிடம், ஓட்டம், கையில் இருக்கும் வேறு எது வேண்டுமானாலும் அதைவிட மேல். நின்ற இடத்திலேயே குனிந்து துப்பாக்கியை நோண்டிக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. சரிசெய்யும்போதும் கால் நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

இந்த வரிசைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை முதலில் பார்த்துவிடலாம்.

அறிகுறி: ஓசை மந்தம், உதைப்பு இல்லை

வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் "புஸ்" அல்லது "பொத்" என்று கேட்கும். கையில் உதைப்பு குறைவாக இருக்கும், சிலிண்டர் இடைவெளியில் புகை கசியும். தோட்டாவில் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து, பிரைமரின் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் முதலில் பற்றும் சிறு கிண்ணம்) விசை மட்டும் குண்டைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் பேரல் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

டிரிக்கரிலிருந்து விரலை எடுங்கள். இங்கே மறுபடி அழுத்தக் கூடாது. ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) என்றால் முனையை இலக்கின் திசையிலேயே வைத்து 30 நொடி காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து காலி செய்யுங்கள். பிறகு சிலிண்டர் பக்கமிருந்து பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

குண்டு பேரலுக்குள் முழுவதும் போய் நின்றிருந்தால் மேசையில் எடுக்கலாம். .38, .357 பேரலுக்கு 8 மி.மீ. பித்தளைக் கம்பி சரியாக இருக்கும். இரும்புக் கம்பி வேண்டாம், அது பேரலின் வரிகளைக் கீறிவிடும். இரு பக்கமும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சிலிண்டர் திறந்திருக்க, பேரல் முனையிலிருந்து கம்பியை விட்டுச் சிறு சிறு அடிகளாகத் தட்டுங்கள். ஒரே பலத்த அடி குண்டை விரியச் செய்து இன்னும் இறுக்கிவிடும். வெளியே வந்த பிறகு பேரலைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே வளையம் போல நிழல் தெரிந்தால் பேரல் உப்பியிருக்கிறது. அதைக் கொண்டு சுடக் கூடாது.

குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி பேரலிலுமாக நின்றுவிட்டால் சிலிண்டர் சுற்றாது, திறக்காது. மற்ற அறைகளில் உயிருள்ள தோட்டாக்கள் இருக்கும். இந்த நிலையில் முனைக்கு முன்னால் கையை வைத்துக் கம்பி தட்டுவது தெரிந்தவர் வேலை. முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, நிலைமையைச் சொல்லி, பழுதுபார்ப்பவரை வரவழையுங்கள்.

அறிகுறி: "டிக்" ஓசை மட்டும், வெடிக்கவில்லை

தற்காப்பில் பதில் ஒன்றே: உடனே மறுபடி அழுத்துங்கள். அடுத்த அறை சுற்றி வந்துவிடும். இது ரிவால்வரின் பெரிய அனுகூலம். அடுத்தடுத்து இரண்டு "டிக்" கேட்டால் தோட்டா தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணிப் பார்த்துக்கொண்டிராமல் திறந்து கொட்டி நிரப்புங்கள்.

ரேஞ்சில் இதற்கு நேர் எதிர். அங்கே மறுபடி அழுத்தக் கூடாது. பிரைமர் பற்றியும் மருந்து தாமதமாகப் பிடிக்கும் தோட்டா உண்டு. நொடிகள் கழித்து வெடிக்கும். நீங்கள் சிலிண்டரைச் சுற்றிவிட்டால் அந்த அறை பேரலுக்கு நேராக இல்லாமல் ஃபிரேமுக்கு எதிரில் நிற்கும்போது அது வெடிக்கும். துப்பாக்கியும் போகும், விரலும் போகும். முனையை இலக்கை நோக்கியே பிடித்துக் குறைந்தது 30 நொடி, பல ரேஞ்சுகளின் வழக்கப்படி ஒரு நிமிடம், காத்திருந்து திறவுங்கள். பயிற்சியில் பழகியதுதான் ஆபத்தில் வரும் என்பதால் சிலர் இந்தக் காத்திருப்பை வெறுக்கிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது: போலித் தோட்டா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பிரைமரைப் பாருங்கள். ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) அதில் பதித்த தடத்தில் காரணம் எழுதியிருக்கும்.

தடமே இல்லை: ஃபயரிங் பின் உடைந்திருக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபர் பார் (ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும் பட்டை) உள்ள மாடல்களில் அது முழுவதும் எழும்பவில்லை. டிரிக்கரைக் கடைசிவரை இழுக்காமல் விட்டாலும் இப்படி ஆகலாம்.

தடம் ஆழமில்லை: இதுதான் அதிகம் நடப்பது. ஹேமரை இயக்கும் மெயின்ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை. பட்டை ஸ்பிரிங் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல்களில் கைப்பிடியின் முன்புறம், கீழே அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும். சுடச்சுட அது தளரும். டிரிக்கர் இலகுவாக வேண்டும் என்று வேண்டுமென்றே தளர்த்தி வைப்பவர்களும் உண்டு. அது முழுவதும் இறுகியிருக்க வேண்டும். பாதி இறுக்கம் என்று ஒரு நிலை கிடையாது. ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ இலகுவாக்கிய துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவில் ஒழுங்காகச் சுட்டு, கடினமான பிரைமர் கொண்ட இன்னொரு வகையில் காலை வாரும். தற்காப்புத் துப்பாக்கியில் இந்தப் பேரம் வேண்டவே வேண்டாம். டிரிக்கர் கனமாக இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் வெடிக்கட்டும்.

தடம் ஆழமாக, நடுவில் இருக்கிறது: தோட்டாவில்தான் குறை. பிரைமரில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், மருந்தே கெட்டிருக்கலாம்.

தடம் நடுவில் இல்லை: சிலிண்டர் பேரலுக்கு நேராக நிற்கவில்லை. டைமிங் கோளாறு, கீழே பார்க்கலாம்.

இன்னொரு துப்பு. அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால் பிரைமர் அதன் குழியில் முழுவதும் அமரவில்லை என்று சந்தேகப்படுங்கள். முதல் அடியின் விசை பிரைமரை உள்ளே அமர்த்துவதிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டில் நிரப்பிய தோட்டாக்களில் இது அடிக்கடி வரும். .22 ரிம்ஃபயர் வேறு கதை. அதில் வெடிமருந்து விளிம்பைச் சுற்றித் தடவியிருப்பதால், அடிபட்ட இடத்தில் மருந்து இல்லாமல் போகலாம். தோட்டாவை அரை வட்டம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடிக்கும்.

சோதிக்கும்போது டபுள் ஆக்‌ஷனிலேயே சோதியுங்கள். பல மாடல்களில் கட்டைவிரலால் ஹேமரை இழுத்து வைத்துச் சுடும்போது ஹேமர் கொஞ்சம் அதிக தூரத்திலிருந்து விழும், அடி பலமாக இருக்கும். அப்படிச் சுட்டு எல்லாம் சரி என்று முடிவு செய்தால் பலவீனமான ஸ்பிரிங் பிடிபடாமலே போகும்.

அறிகுறி: டிரிக்கர் நகரவில்லை, சிலிண்டர் சுற்றவில்லை

ஒரே அறிகுறி, ஏழெட்டுக் காரணம். துப்பாக்கியைச் சந்தேகிக்கும் முன் விரலைச் சந்தேகியுங்கள்.

வேகமாகச் சுடும்போது டிரிக்கரை முழுவதும் முன்னே விடாமல் மறுபடி இழுப்பவர்கள் நிறைய. பாதி விட்ட டிரிக்கர் அடுத்த சுட்டுக்குத் தயாராகியிருக்காது. சில துப்பாக்கிகளில் அது அப்படியே இறுகி நிற்கும். சிலவற்றில் சிலிண்டர் மட்டும் சுற்றி, ஹேமர் விழாது. இரண்டாவது நிலையில் ஒரு நல்ல தோட்டா சுடப்படாமல் தாண்டிப் போய்விடுகிறது. சிலிண்டர் முழு வட்டம் சுற்றிய பிறகே அது மறுபடி வரும். டிரிக்கரை விடும்போது அது முன்னே வந்து நிற்பதை விரலில் உணரும்வரை விடுவது மட்டுமே தீர்வு. கையுறை போட்டுச் சுடுபவர்கள் கவனியுங்கள்: தடித்த கையுறை விரல் டிரிக்கருக்கும் கார்டுக்கும் இடையில் மாட்டி, டிரிக்கரை முன்னே வர விடாது.

விரலில் குறையில்லை என்றால் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாருக்கு (சிலிண்டரின் பின்புறம் தோட்டா விளிம்புகளைப் பிடித்து வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் மருந்துத் துகள். சிலிண்டர் சிக்குவதற்கு நான் முதலில் தேடும் காரணம் இதுதான். எரியாத மருந்துத் துகள்கள் காலித் தோட்டாவோடு சேர்ந்து விழாமல் ஸ்டார் அமரும் பள்ளத்தில் தங்கிவிடும். அங்கே இடைவெளி என்று சொல்லப் பெரிதாக எதுவும் கிடையாது. இரண்டு மூன்று துகள் போதும், ஸ்டார் ஒரு மயிரிழை எழும்பி நிற்கும். அதன்மேல் அமரும் தோட்டாக்களும் எழும்பி ரீகாயில் ஷீல்டில் (சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபிரேமின் சுவர்) உராயும். அடையாளம்: சிலிண்டரை மூடும்போதே இறுக்கம் தெரியும், டிரிக்கர் சில அறைகளில் மட்டும் கனக்கும். தோட்டாக்களை எடுத்துவிட்டு எஜெக்டர் ராடை (ஸ்டாரை வெளியே தள்ளும் கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டாரின் அடிப்புறத்தையும் அது அமரும் பள்ளத்தையும் உலர்ந்த பல் பிரஷ்ஷால் தேயுங்கள். இங்கே எண்ணெய் விடாதீர்கள். ஈரம் அடுத்த முறை துகளைப் பிடித்து வைக்கும். ஒரு பழைய பல் பிரஷ் ரேஞ்ச் பையில் எப்போதும் இருக்கட்டும்.

உயர்ந்து நிற்கும் பிரைமர். பிரைமர், கூட்டின் (தோட்டாவின் உலோக உறை) அடிமட்டத்துக்கு மேலே துருத்தினால் ரீகாயில் ஷீல்டில் இழுபடும். ஆட்காட்டி விரலைத் தோட்டாவின் அடிப்பகுதியில் ஓட்டினாலே தெரிந்துவிடும். பிரைமர் ஒரு இம்மி உள்ளே இருக்க வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் அந்தத் தோட்டா வேண்டாம்.

குண்டு முன்னே நழுவுதல். எடை குறைந்த ஃபிரேம், கனமான மேக்னம் தோட்டா. இந்தச் சேர்க்கையில் வரும் கோளாறு இது. ஒவ்வொரு சுட்டிலும் துப்பாக்கி பின்னே பாய்கிறது. சுடப்படாத தோட்டாக்களின் கூடு அதோடு பின்னே போக, உள்ளிருக்கும் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுக்கமாகக் கவ்வியிருக்காவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்து சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டும். பேரலின் பின்விளிம்பில் தட்டி சிலிண்டர் நின்றுவிடும். டிரிக்கரை முழுவதும் விட்டு, லேட்சை (சிலிண்டரைத் திறக்கும் தாழ்) இயக்கி, உள்ளங்கையால் தட்டித் திறக்கப் பாருங்கள். திறக்காவிட்டால் பழுதுபார்ப்பவர்தான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. வைத்திருக்கப்போகும் தோட்டா ஒன்றின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கடைசியாகச் சுற்றி வரும் அறையில் இடுங்கள். மற்றதையெல்லாம் சுட்டுவிட்டு, அந்த ஒன்றை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் மாறாவிட்டால் நிம்மதி. நீண்டிருந்தால், சிலிண்டர் நிற்காமல் தப்பியிருந்தாலும், அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்து இடுங்கள்: சுடுபவர் பார்வையில் கோல்ட் கடிகார முள்ளின் திசையில் சுற்றும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரூகரின் டபுள் ஆக்‌ஷன்களும் எதிர்த்திசையில்.

சிலிண்டர் முகத்தில் கரி. சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளி பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. அதற்கும் குறைவாக இருந்தால் ஈயக் குண்டுகள் கொஞ்சம் சுட்டதுமே கரியும் ஈயமும் படிந்து உராயும். துப்பாக்கியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடைவெளியில் ஒரு ஒளிக்கோடு தெரிய வேண்டும். கோடு மறைந்திருந்தால் சிலிண்டர் முகத்தையும் பேரலின் பின்முனையையும் வெண்கலப் பிரஷ்ஷால் தேயுங்கள். அளந்தே ஆக வேண்டுமென்றால் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். 0.25 மி.மீ.க்கு மேல் போனால் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பிரைமர் வழிதல். சுட்ட பிரைமர் ஃபயரிங் பின் துளைக்குள் வழிந்து சிலிண்டரைப் பூட்டிவிடும். அழுத்தம் அதிகமான தோட்டாவின் அடையாளம். மீதியைச் சுடாமல் ஒதுக்குங்கள்.

மூன் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய தகடு) 9 மி.மீ. அல்லது .45 ஏசிபி சுடும் ரிவால்வர் என்றால் கிளிப்பைத்தான் முதலில் பாருங்கள். கண்ணாடி மேல் வைத்தால் தட்டையாக அமர வேண்டும். ஆடினால் வளைந்திருக்கிறது, குப்பைக்குப் போகட்டும்.

உள்பூட்டு உள்ள மாடல் என்றால் அது மூடிய நிலையில் இல்லையே என்றும் ஒரு பார்வை.

அறிகுறி: காலித் தோட்டா ஸ்டாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது, சிலிண்டர் மூடவில்லை

நிரப்பும் நேரத்தில் வரும் கோளாறுகளில் மிக மோசமானது இதுதான். எஜெக்டர் ராடைத் தள்ளும்போது ஒரு காலித் தோட்டாவின் விளிம்பு ஸ்டாரின் பிடியிலிருந்து வழுக்கி, ஸ்டார் அதற்கு மேலே போய்விடும். ராடை விட்டதும் ஸ்டார் அந்த விளிம்பின்மேல் வந்து அமரும். புதுத் தோட்டா போடவும் முடியாது, மூடவும் முடியாது.

காரணம் அநேகமாகக் கொட்டிய விதம்தான். துப்பாக்கியைப் படுக்கையாகவோ முனை கீழாகவோ பிடித்து ராடை மெதுவாகத் தள்ளினால் காலித் தோட்டாக்கள் பாதி வெளியே வந்து நின்றுவிடும். ஸ்டார் திரும்பும்போது அவற்றில் ஒன்று உள்ளே சரியும். குட்டைப் பேரல் ரிவால்வர்களில் ஆபத்து இன்னும் அதிகம். .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் 29.3 மி.மீ. அந்தத் துப்பாக்கிகளின் ராட் அவ்வளவு தூரம் தள்ளாது. மீதித் தூரத்தை வேகமும் புவியீர்ப்பும்தான் கடக்க வைக்க வேண்டும்.

எடுக்கும் முறை:

முனையைக் கீழே காட்டிப் பிடியுங்கள். ஸ்டார் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்.

எஜெக்டர் ராடைக் கடைசிவரை தள்ளி, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டார் எழும்பி நிற்கும். ராடை இடையில் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மறுகையின் நகத்தாலோ பேனாக்கத்தி முனையாலோ மாட்டிய கூட்டின் விளிம்பை ஸ்டாரிலிருந்து வெளிப்புறமாக நெம்பி, அறையிலிருந்து மேலே இழுங்கள். அறை அழுக்காக இருந்து கூடு இறுகியிருந்தால் முன்புறமிருந்து பென்சிலால் தள்ளினால் வரும்.

ராடை விட்டு, ஸ்டார் பள்ளத்தில் தட்டையாக அமர்ந்ததைப் பார்த்த பிறகு நிரப்புங்கள்.

இரு கையும் வெளிச்சமும் பதறாத விரலும் வேண்டும். ஆபத்து நேரத்தில் இதில் ஒன்றும் இருக்காது. எனவே கொட்டும் முறையைத்தான் திருத்த வேண்டும்: முனை நேராக வானத்தை நோக்கி நிற்க, உள்ளங்கையால் ராடின்மேல் ஒரே அடி, வெட்டென்று. ஒரே அடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று முறை குத்துவது பலரின் பழக்கம். இரண்டாவது குத்தில்தான் பாதி வந்த கூடு உள்ளே போகிறது. முனை மேலே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எரியாத துகள்கள் ஸ்டாருக்கு அடியில் தங்காமல் கூட்டோடு கீழே விழும். நிரப்பும்போது மட்டும் முனை நேர் கீழே.

அறிகுறி: காலித் தோட்டாக்கள் அறையை விட்டு வரவில்லை

.357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் நிறையச் சுடுபவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. .357 கூடு 32.8 மி.மீ., .38 கூடு அதைவிடச் சுமார் 3.4 மி.மீ. குட்டை. .38 கூட்டின் வாய் முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையமாகப் படிகிறது. பிறகு .357 போட்டால் அதன் வாய் அந்த வளையத்துக்குள் திணிகிறது, சுட்டதும் விரிந்து கவ்விக்கொள்கிறது. வெண்கலப் பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து ஒவ்வொரு அறையையும் தேயுங்கள். ரேஞ்சில் .38 சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து .357 நிரப்பி வைப்பவர் இடையில் அறையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

அறை சுத்தமாக இருந்தும் ஒட்டினால், பிரைமர்கள் தட்டையாக நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அழுத்தம் அதிகம். நெருக்கடியில் ஒட்டிக்கொண்டால் ராடை உள்ளங்கையால் பலமாக ஒரு அடி. அப்போதும் சில வராவிட்டால் வந்த அறைகளில் நிரப்பி மூடிவிடுங்கள். மூன்று தோட்டா கையில் இருப்பது ஒன்றுமில்லாததைவிட மேல்.

அறிகுறி: சிலிண்டர் திறக்க மறுக்கிறது

லேட்சை எந்தப் பக்கம் இயக்குவது என்பதே மாடலுக்கு மாடல் வேறு: ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்னே தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும். ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர் குழம்புவது இயல்பு. தற்காப்புக்கு ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

லேட்ச் சரியாக இருந்தும் திறக்காவிட்டால் முதல் சந்தேகம் எஜெக்டர் ராட். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ராட் சிலிண்டரோடு சேர்ந்து சுற்றுகிறது, அதன் முனை பேரலின் அடியிலுள்ள பூட்டில் அமர்கிறது. மரை தளர்ந்தால் ராட் நீண்டு பூட்டில் முட்டிக்கொள்ளும். ராடின் சொரசொரப்பான முனையைப் பிடித்து, இறுகும் திசையில் விரலால் திருப்பிப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் வலது மரை, பிந்தியவற்றில் இடது மரை. திறந்ததும் சரியாக இறுக்குங்கள். அதற்கு முன் அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அவை ஸ்டாரைத் தாங்காவிட்டால் இறுக்கும் விசை ஸ்டாரின் சிறு பின்களில் விழுந்து அவை முறியும். மரையில் நீல நிற த்ரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். ரூகர் ஜிபி100 வகையில் ராட் சுற்றாது, முன்பூட்டு கிரேனிலேயே (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) இருக்கிறது. இந்தத் தொல்லை அதில் இல்லை.

ராடைப் பிடித்து நெம்பாதீர்கள், மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடாதீர்கள். ராட் வளைவதும் கிரேன் கோணுவதும் இந்த இரண்டாலும்தான்.

அறிகுறி: பக்கவாட்டில் ஈயம் தெறிக்கிறது

அருகில் நிற்பவர் கன்னத்தில் சுருக்கென்று படும். சிலிண்டர் அறை பேரலுக்கு நேராக வரும் முன் ஹேமர் விழுகிறது, குண்டின் ஓரம் சீவப்படுகிறது. காலித் துப்பாக்கியில் சோதியுங்கள்: ஒரு விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெல்லப் பின்னே இழுங்கள். ஹேமர் மாட்டும்போதே சிலிண்டரும் பூட்டில் விழ வேண்டும். ஹேமர் மாட்டிய பிறகும் சிலிண்டரை விரலால் கொஞ்சம் சுற்றினால்தான் "டக்" என்று விழுகிறது என்றால் டைமிங் பிந்துகிறது. எல்லா அறையிலும் செய்து பாருங்கள், ஒன்றில் மட்டும் குறை இருக்கலாம். வேகமாகச் சுடும்போது சிலிண்டர் பூட்டைத் தாண்டி ஓடுவதும் பழுதுபார்ப்பவருக்கான வேலைதான். நல்ல துப்பாக்கியிலும் அந்த இடைவெளியில் சூடான வாயு வெட்டும். தாங்கும் கையின் விரல் சிலிண்டருக்கு முன்னால் போகவே கூடாது.

டிரிக்கர் முன்னே திரும்பவில்லை என்றால் விரலால் முன்னே தள்ளிவிட்டுத் தொடருங்கள். உள்ளே கெட்டியான கிரீஸ், தூசு அல்லது உடைந்த ஸ்பிரிங் இருக்கும். பக்கத் தகட்டைத் திறக்கத் தெரியாதவர் திறக்க வேண்டாம்.

கைகலப்பில் நிற்கும் ரிவால்வர்

எதிராளி சிலிண்டரை இறுகப் பிடித்துவிட்டால், ஹேமர் கீழே இருக்கும் நிலையில் டிரிக்கர் நகராது. ஏனென்றால் டிரிக்கர்தான் சிலிண்டரைச் சுற்ற வேண்டும். இது கோளாறு அல்ல. விரலால் மல்லுக்கட்டாமல் உடல் எடையோடு பின்னே இழுத்து, முனையை முறுக்கி அவர் பிடியை விடுவியுங்கள். உடலோடு அழுத்திச் சுட நேர்ந்தால் ரிவால்வர் பிஸ்டலைப் போல நின்றுவிடாது. நகர்ந்து போக ஸ்லைடு இல்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து சுடுவது ஹேமர் மூடிய மாடல்களுக்கே சரி. வெளியே தெரியும் ஹேமர் துணியைக் கவ்வும்.

ஸ்பீட் லோடர் சிக்கினால்

கைப்பிடியின் மேல்விளிம்பு லோடரை (எல்லா அறைகளுக்கும் தோட்டாக்களை ஒரே முறையில் இடும் கருவி)த் தடுக்கிறதா பாருங்கள், தடித்த மரக் கைப்பிடிகளில் இது சகஜம். அந்த ஓரத்தைக் குடைந்த கைப்பிடி போட்டால் தீரும். தோட்டா முனைகள் உருண்டையாக இருந்தால் அறையில் தானே வழிகண்டு விழும். அகலக் குழிவு கொண்ட குண்டுகள் அறை விளிம்பில் முட்டும்.

எடுத்து வைக்கும் தோட்டாவும் போலித் தோட்டாவும்

தற்காப்புக்கு வைக்கும் ஒவ்வொரு தோட்டாவையும், பெட்டியை நம்பாமல், ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரைமரில் விரல் ஓட்டுங்கள். பிரைமர் தலைகீழாக இருக்கிறதா, குண்டு கோணலா, கூட்டில் கீறலா என்று கவனியுங்கள். காலி சிலிண்டரில் ஒவ்வொன்றும் தன் எடையிலேயே விழுந்து அமர வேண்டும், அழுத்த வேண்டியிருந்தால் ஒதுக்குங்கள். அறைகள் எண்ணெயின்றி உலர்ந்திருக்கட்டும். ஊடுருவும் எண்ணெய் பிரைமரைக் கொன்றுவிடும்.

ரேஞ்சில் சிலிண்டரில் இரண்டு போலித் தோட்டாக்களை உயிருள்ளவற்றோடு கலந்து, பார்க்காமல் சுற்றி மூடிச் சுடுங்கள். "டிக்" என்றால் அழுத்து என்ற பழக்கம் இதில்தான் கையில் ஏறும். இங்கே மறுபடி அழுத்தலாம், ஏனென்றால் உள்ளே போலி இருப்பது தெரியும். எத்தனை போலி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைத் தாண்டி ஒரு "டிக்" வந்தால் அது உண்மையான தவறிய தோட்டா, உடனே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். "டிக்" கேட்கும் நொடியில் முனை கீழே குனிந்தால் சுடும் முன்பே கை பயந்து தள்ளுகிறது என்பதும் கூடவே தெரியவரும். ஸ்டாருக்கு அடியில் மாட்டும் கோளாறையும் பழகலாம்: காலித் துப்பாக்கியில் ராடைத் தள்ளிப் பிடித்து, ஒரு காலிக் கூட்டை வேண்டுமென்றே ஸ்டாருக்கு அடியில் நுழைத்து, எடுத்துப் பாருங்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு விளக்கை அணைத்துவிட்டு.